நாற்பத்தெட்டாவது குவளை

அந்தக் காலத்தில் குளவிக்கு இடுப்பே கிடையாது. தலைக்குக் கீழே நெஞ்சு, நெஞ்சோடு ஒட்டியே வயிறு, எல்லாம் சேர்ந்து புளியங்கொட்டை போல ஒரே உருப்படி. அவள் வந்து ஓலையில் உட்கார்ந்தால் ஓலை ஆடும். அப்போது மரமும் பேசிற்று, மாடும் பேசிற்று. மனிதர்கள் இப்போது பேசுவதில் பாதிதான் பேசினார்கள், அதனால் மற்றவை பேசுவதும் அவர்கள் காதில் விழுந்தது.

பேசுகிற பிராணிகளிலேயே குளவிதான் பெரிய வாயாடி. வம்பு பேசுகிறவள் என்று நினைத்துவிடாதீர்கள். அவளுக்கு வாயைத் திறந்தால் கேள்விதான் வரும். ஆற்றைப் பார்த்தால், "எப்பப் பாத்தாலும் இந்தப் பக்கமே ஓடுறியே, ஒரு நாளைக்கு அந்தப் பக்கம் ஓடேன்?" என்பாள். ஆமையைப் பார்த்தால், "வீட்டைக் கழட்டி வச்சிட்டுக் குளிக்க மாட்டியா?" என்பாள். பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அடுத்த கேள்வி வந்து நிற்கும். ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொள்ளப் பழகியது இவளால்தான் என்றுகூடச் சொல்வார்கள். அது வேறு கதை.

அந்த வருஷம் மட்டும் குளவிக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. பிள்ளையை எங்கே வைப்பது?

முதல் முட்டையை எருக்கிலையின் அடியில் வைத்தாள். எறும்பு தூக்கிக்கொண்டு போனது. இரண்டாவதை வேப்பம்பட்டையின் வெடிப்பில் வைத்தாள். பல்லி நக்கிவிட்டது. மூன்றாவதை நாணல் தண்டுக்குள் ஒளித்து வைத்தாள். மழை பெய்து தண்டு நிறையத் தண்ணீர் நின்றது. நாலாவது இப்போது வயிற்றில் இருந்தது. இதையும் பறிகொடுத்தால் தாங்க மாட்டோம் என்று அவளுக்குத் தெரியும். வெளியில் கேள்வியும் கிண்டலுமாகத் திரிந்தாலும் உள்ளுக்குள் வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் பறந்தாள்.

அப்படிப் பறந்து வரும்போதுதான் ஆற்றங்கரையில் ஒரு குயவர் வீட்டைப் பார்த்தாள். வாசல் பந்தலுக்குக் கீழே இரண்டு சக்கரங்கள். ஒன்றில் சாத்தையா என்ற வேளார் பானையும் சட்டியும் செய்துகொண்டிருந்தான். இன்னொன்றில் அவன் பெண்டாட்டி பூரணி. வண்டிச் சக்கரத்தைப் படுக்க வைத்தது போன்ற சக்கரம் அது. ஓரத்துக் குழியில் கோலைச் செருகி ஏழெட்டுச் சுற்று வேகமாகச் சுற்றிவிட்டாள். கோலைக் கீழே வைத்தாள். நடுவில் குவித்திருந்த மண் குன்றின் உச்சியில் இரண்டு கட்டைவிரலையும் வைத்து அழுத்தினாள். மண் வாயைத் திறந்தது. விரல்களை மேலே கொண்டு போகப் போக மண்ணும் கூடவே எழுந்து வந்தது. குளவி கண் கொட்டுவதற்குள் அங்கே ஒரு குவளை நின்றது.

குளவி இறங்கி வந்து குவளைக்குள் எட்டிப் பார்த்தாள். உள்ளே ஒன்றுமே இல்லை. எறும்பு நுழைய ஓட்டை இல்லை, பல்லி கை விட இடுக்கு இல்லை. வாயை மட்டும் மூடிவிட்டால் மழையும் வராது.

"அக்கா," என்றாள், "உள்ள ஒண்ணுமே இல்லாத இடத்தை எப்படிக்கா செய்யிற?"

பூரணி நிமிர்ந்து பார்க்கவில்லை. "இடத்தை யாருடி செஞ்சா? மண்ணை அந்தாண்ட தள்ளுனா இடம் தன்னால வந்துட்டுப் போகுது."

இந்தப் பதில் குளவிக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. தினமும் வர ஆரம்பித்தாள்.

பூரணியின் சக்கரத்தில் ஒரு நாளைக்கு ஒரே ஒரு குவளைதான் ஏறியது. அதற்குக் காரணம் உண்டு. கல்யாணமாகி ஒன்பது வருஷமாகியும் அவளுக்குப் பிள்ளை இல்லை. அய்யனாருக்கு ஒரு மண்டலம் நேர்ந்திருந்தாள். நாளுக்கு ஒன்றாக நாற்பத்தெட்டு நாளும் நாற்பத்தெட்டுக் குவளை செய்து, எல்லாவற்றையும் ஒரே சூளையில் சுட்டு, பானகம் ஊற்றி அய்யனார் வாசலில் வைக்க வேண்டும். ஒன்றுகூடச் சக்கரத்தில் சரியக் கூடாது. மண்டலம் முடியும்வரை அந்தச் சக்கரத்தில் வேறு எதையும் ஏற்றவும் கூடாது. குளவி வந்து சேர்ந்தபோது இருபதாவது குவளை நடந்துகொண்டிருந்தது.

"எனக்கு ஒரு சின்னக் குவளை செஞ்சு குடேன்க்கா. உன் சுண்டுவிரல் நகத்தளவு போதும்."

"மண்டலம் முடியட்டும். முடிஞ்ச மறுநாளு உனக்குத்தான் முத உருப்படி."

சாத்தையாவிடம் கேட்கலாமே என்றால், அவனுக்குக் குளவி என்றாலே தோளில் கிடக்கும் துண்டைச் சுழற்றத்தான் தெரியும். ஒரு முறை கேட்டுப் பார்த்தாள். அவன் துண்டைச் சுழற்றிய சுழற்றில் அவனுடைய பானையே சரிந்தது. பிறகு அந்தப் பக்கம் போகவில்லை.

சரி, நாமே செய்துகொள்வோம் என்று தீர்மானித்தாள். பார்த்துப் பார்த்து எல்லாவற்றையும் மனதில் வாங்கிக்கொண்டாள். சும்மா வாங்கிக்கொள்ளத் தெரியுமா அவளுக்கு? கேள்வியாகக் கேட்டுத் துளைத்தாள்.

"மண்ணுக்குள்ள எதுக்கு மணலு போடுற?"

"வெறுங்களி வெடிச்சிரும்."

"எதுக்கு இந்த மிதி மிதிக்கிற? அது மேல என்ன கோவம் உனக்கு?"

"உள்ள காத்து இருந்துச்சுன்னா சூளையில வச்சு வேலையக் காட்டிரும்."

"குவளைக்குக் காது எதுக்கு?"

குவளை பாதி காய்ந்ததும் பக்கத்தில் ஒட்டுகிற வளைந்த பிடிக்குக் காது என்று பெயர். பூரணி அன்றைக்குத்தான் நிமிர்ந்து பார்த்தாள். "நீ கேக்குற கேள்வியக் கேக்கத்தான். எனக்கு இருக்குறது ரெண்டே ரெண்டு, பத்தலையே!"

குளவி சிரித்தாள். பூரணியும் சிரித்தாள். அவள் சிரித்துப் பல நாளாகியிருந்தது என்பதை அடுத்த சக்கரத்திலிருந்து சாத்தையா கவனித்தான். அதற்குப் பிறகு குளவி வந்தால் துண்டை எடுப்பதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டான்.

ஆனால் எல்லாக் கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டது என்று சொல்ல முடியாது. குவளையின் அடி எப்படி உண்டாகிறது? அதுதான் குளவிக்கு விளங்கவில்லை. வாய் தெரிகிறது, வயிறு தெரிகிறது, அடி மட்டும் கீழே மண் குன்றோடு ஒட்டிக் கிடக்கிறது. குவளை முடிந்ததும் பூரணி கற்றாழை நாரில் திரித்த நூலை எடுப்பாள். சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும்போதே நூலின் ஒரு முனையைக் குவளையின் அடியில் விடுவாள். சுற்றுகிற மண் நூலைத் தானே இழுத்து ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்ளும். மறுமுனையைச் சட்டென்று இழுப்பாள். கண் இமைப்பதற்குள் குவளை அவள் கையில் இருக்கும், அடியில் நத்தை ஓட்டில் இருப்பது போல ஒரு சுழி இருக்கும். நடுவில் என்ன நடந்தது? அவள் கை மறைத்துவிடுகிறது.

"நூலு போடுறப்ப என்னக்கா ஆகுது?"

"நூலு போட்டாத்தான்டி அது குவளை. அது வரைக்கும் வெறும் மண்ணு." பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தினாள். "நூலு போடுற எடத்துல மட்டும் விளையாடக் கூடாது. உள்ள போன நூலு வெளிய வந்தே தீரணும். பாதியில நின்னா வம்சம் பாதியில நிக்கும்னு எங்க வீட்டுல சொல்லுவாங்க."

நூல் போடும்போது பூரணி கண்ணை மூடிக்கொள்வாள். கை பழகிய வேலைக்குக் கண் எதற்கு? அந்த நேரத்தில் மட்டும் அவள் உதடு அசையும். என்ன கேட்கிறாள் என்று குளவி கேட்டதே இல்லை. அந்த ஒரு கேள்விக்கு மட்டும் அவளுக்குப் பதில் தெரிந்திருந்தது.

இதற்கிடையில் குளவி தனியாகவும் முயன்று பார்த்தாள். பூவரச இலையைக் குட்டைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, அதைச் சக்கரமென்று வைத்து, நடுவில் மண் உருண்டையை வைத்துச் சிறகால் காற்று அடித்தாள். இலை சுற்றியது, மண் கரைந்தது, தவளை ஒன்று வந்து பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தது. சக்கரம் இல்லாமல் குவளை இல்லை என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

நாட்கள் போயின. பலகையில் காது வைத்த குவளைகள் வரிசையாகக் காய்ந்தன. நாற்பது, நாற்பத்தைந்து, நாற்பத்தேழு. ஒன்றும் சரியவில்லை. குளவியின் வயிறும் கனத்தது. இன்னும் இரண்டு மூன்று நாளில் முட்டை வந்துவிடும்.

நாற்பத்தெட்டாம் நாள் காலையில் பூரணி ஆற்றில் தலை முழுகிவிட்டு ஈரத்தலையோடு வந்து உட்கார்ந்தாள். சக்கரத்தைச் சுற்றினாள். அன்றைக்கு மண் அவள் சொன்னபடி கேட்டது. நாற்பத்தேழையும் தூக்கிச் சாப்பிடுகிற மாதிரி ஒரு குவளை எழுந்து நின்றது. விளிம்பை ஈரத்துணியால் ஒரு முறை தடவினாள். நூலை எடுத்தாள். கண்ணை மூடினாள்.

இனிமேல் பார்க்க முடியாது என்று குளவிக்குத் தோன்றியது. இன்றைக்கு விட்டால் அந்த ரகசியம் போயிற்று. நாளைக்குத் தனக்கென்று ஒரு குவளை வருமே என்று அவள் நினைத்திருக்கலாம். ஆனால் அரிப்பெடுத்த கை சும்மா இருக்காது, கேள்வி அரித்த மனமும் அப்படித்தான். ஒரே தாவில் போய்க் குவளையின் அடியில், மண் குன்றின் கழுத்தில், சுற்றுகிற ஈர மண்ணைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்துவிட்டாள்.

நூல் வந்தது. மண்ணைச் சுற்ற வேண்டிய நூல் குளவியையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் விழுந்து இறுக்கியது.

"அக்கா!"

பூரணி கண்ணைத் திறந்தாள். அவள் கையில் நூலின் முனை. நூலின் நடுவில் குளவி. சக்கரம் தன் வேகத்தில் சுற்றி நூலை இறுக்கிக்கொண்டே போனது. கையில் இருக்கும் முனையைச் சட்டென்று இழுத்தால் எல்லாம் முடிந்துவிடும். குவளை கைக்கு வந்துவிடும், மண்டலம் நிறைந்துவிடும், உள்ளே போன நூல் வெளியே வந்துவிடும். குளவி இரண்டு துண்டாகப் போவாள்.

முனையை விட்டால் போதாது. சுற்றுகிற சக்கரம் மிச்ச நூலையும் இழுத்துக்கொள்ளும். சக்கரம் நின்றாக வேண்டும். சக்கரத்தை அப்படி நிறுத்தினால் குவளை நிற்காது.

ஒன்பது வருஷம் என்று பூரணி நினைத்தாள். அதற்கு மேல் நினைக்கவில்லை. நூலை விட்டாள். இரண்டு முழங்கையையும் சக்கரத்தின் மேல் ஊன்றி, நெஞ்சு அதில் மோத, உடம்பின் பாரம் முழுவதையும் போட்டு நிறுத்தினாள். சக்கரம் கிறீச்சென்று நின்றது. குவளை ஒரு பக்கமாகச் சாய்ந்து, மடிந்து, அவள் கண் முன்னாலேயே வெறும் மண்ணாகிப் போனது.

நூலைப் பின்னோக்கிச் சுற்றிப் பிரித்தாள். குளவிக்கு உயிர் இருந்தது. ஆனால் நூல் விழுந்த இடம் நூலாகவே போயிருந்தது. முன்னால் ஒரு பாதி, பின்னால் ஒரு பாதி, நடுவில் ஒரு மயிரிழை. குளவி ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை. வயிற்றிலிருந்து பேச்சு ஏறி வருகிற வழி அவ்வளவு ஒடுங்கிப்போயிருந்தது. சக்கரம் சுற்றும்போது கேட்குமே ஒரு சத்தம், அந்த 'ங்ஙொய்' மட்டும்தான் வந்தது.

"பேசாத," என்றாள் பூரணி. "போயிரு. கொஞ்ச நாளைக்கு என் கண்ணுல முழிக்காத."

சொல்லிவிட்டுச் சக்கரத்தின் மேலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். சாத்தையா வந்து பார்த்தான். சரிந்த மண்ணைப் பார்த்தான், நூலைப் பார்த்தான். அவனுக்கு எல்லாம் விளங்கியது. அவளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். அது அவன் செய்த நல்ல காரியம்.

சரிந்த மண்ணை மறுபடி பிசைந்து எடுக்கப் பூரணிக்கு மனம் வரவில்லை. அதை ஓர் ஈரத்துணியில் சுற்றிச் சக்கரத்தின் ஓரத்தில் வைத்தாள். இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை.

மூன்றாம் நாள் காலை, வீட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. சக்கரம் சுற்றுகிற சத்தம். சக்கரம் வாசலில் அல்லவா இருக்கிறது? பூரணி நிமிர்ந்து பார்த்தாள். உத்தரத்தின் பக்கவாட்டில் குளவி இருந்தாள். வாயில் ஒரு துளி ஈர மண். அதை வைத்தாள், அதைச் சுற்றி வந்தாள். மறுபடி பறந்து போனாள், இன்னொரு துளியோடு வந்தாள், மறுபடி சுற்றி வந்தாள். சக்கரம் இல்லாததால் அவளே சுற்றினாள். சுற்றும்போதெல்லாம் 'ங்ஙொய்' என்று முனகினாள்.

பூரணிக்குக் கோபம் இன்னும் ஆறவில்லைதான். ஆனாலும் பார்க்காமல் இருக்க முடியவில்லை. உத்தரத்துக்கு நேர் கீழே வந்து நின்றாள்.

"மண்ணு எங்கடி எடுக்குற?"

குளவி பறந்து போன வழியையே பூரணி பார்த்தாள். அவள் நேராகப் போய் உட்கார்ந்தது சக்கரத்தின் ஓரத்தில் இருந்த ஈரத்துணியில்.

பூரணி திரும்பி வந்து அதே இடத்தில் நின்றுகொண்டாள். சோறு வடிக்க மறந்தாள். மாலைக்குள் உத்தரத்தில் நகத்தளவு ஒரு குவளை இருந்தது. உருண்டை வயிறு, ஒடுங்கிய கழுத்து, வெளியே மடித்த விளிம்பு. விளிம்பை மடித்த விதத்தைப் பார்த்ததும் அது தன்னுடைய கை என்று பூரணிக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் குளவி ஒரு பச்சைப் புழுவைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அது எதுக்குடி? பிள்ளைக்குச் சோறா?"

ங்ஙொய்.

பிறகு தன் பின்பாதியை அந்தச் சின்ன வாய்க்குள் வளைத்து நுழைத்தாள். பழைய புளியங்கொட்டை உடம்பாக இருந்தால் அப்படி வளைந்திருக்கவே முடியாது. நூல் ஒடித்த இடம்தான் இப்போது கீல் போல வளைந்து கொடுத்தது. அந்தக் கற்றாழை நூலிலிருந்து பிரிந்து வந்த ஒரு பிசிர் அவளிடம் ஒட்டிக்கொண்டிருந்தது. அதிலேயே முட்டையைக் கட்டி உள்ளே தொங்கவிட்டாள்.

"ஏன் தொங்கவிடுற? தொட்டிலா? கீழ வச்சா என்ன? எத்தனை நாளாகும்? வாய மூடிட்டா உள்ள மூச்சு முட்டாதா?"

கேட்டுக்கொண்டே போன பூரணி சட்டென்று நிறுத்தினாள். தன் வாயிலிருந்து வருவது யாருடைய பேச்சு என்று அவளுக்குப் புரிந்தது. கோபம் போன இடம் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்துச் சாத்தையா உள்ளே வந்தான். உத்தரத்தைப் பார்த்தான். நாற்பத்தெட்டு நாள் வேண்டுதலைக் கெடுத்தவள் இப்போது வீட்டுக்குள்ளேயே குடி வந்திருக்கிறாள். சக்கரம் சுற்றுகிற கோலை எடுத்து ஓங்கினான்.

"தட்டாதீங்க!"

"வீட்டுக்குள்ள கொளவிக் கூடு எதுக்கு புள்ள? பட்டது போதாதா?"

பூரணி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "கூடு இல்லைங்க அது. மண்ணைப் பாருங்க. அதுதான் நாப்பத்தெட்டாவது குவளை."

சாத்தையா நெடுநேரம் அண்ணாந்து பார்த்தான். பிறகு கோலைக் கீழே வைத்தான். "காதுதான் வைக்கலை," என்றான்.

"இனிமே கேள்வி கேக்க அவளால முடியாதே. காது எதுக்கு?" என்று பூரணி சொன்னாள். சொல்லும்போதே அவள் கண் நிறைந்துவிட்டது.

நாற்பத்தேழு குவளைகளும் சூளையில் வெந்து சிவந்தன. அய்யனார் வாசலில் அவற்றை வைத்துப் பானகம் ஊற்றினார்கள். எண்ணிப் பார்த்த பூசாரி, "ஒண்ணு குறையுதே" என்றார். "வீட்டுல இருக்கு சாமி" என்றாள் பூரணி. திரும்பி வந்து, விரலில் தொட்ட ஒரு சொட்டுப் பானகத்தை உத்தரத்துக் குவளையின் மேல் வைத்தாள்.

ஒரு மாதம் போல ஆயிற்று. ஒரு நாள் காலையில் அந்தக் குவளையின் பக்கத்தில் ஒரு துளை விழுந்தது. அதிலிருந்து ஒரு குட்டிக் குளவி வெளியே வந்து சிறகைக் காயவைத்தது. அதன் இடுப்பும் மயிரிழைதான். "பூரணி, இங்க வந்து பாரு!" என்று சாத்தையா கத்தினான். அவள் வரவில்லை. தேடிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனான். சூளைக்குப் பின்னால், யாரும் பார்க்காத இடத்தில் உட்கார்ந்து, உடைந்த ஓட்டுத் துண்டு ஒன்றைக் கடித்துக் கடித்து ருசித்துத் தின்றுகொண்டிருந்தாள் பூரணி. எதற்கு மண்ணைத் தின்கிறாய் என்று கேட்க வாயெடுத்தவன், மசக்கைக்காரிகள் என்ன தின்பார்கள் என்பது நினைவுக்கு வந்து, அங்கேயே உட்கார்ந்து அழுதுகொண்டே சிரித்தான்.

அன்று முதல்தான் குளவிக்கு இடுப்பு நூலானது. கூடு கட்டும்போது அவள் சக்கரம் போலச் சுற்றிச் சுற்றி முனகுவதும் அன்று முதல்தான். உத்தரத்தில் குளவி கூடு கட்டினால் நம் வீடுகளில் யாரும் அதைத் தட்டுவதில்லை. ஓங்கிய துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு, இந்த வருஷம் இங்கே ஒரு பிள்ளை பிறக்கப் போகிறது என்று சொல்லிக்கொள்கிறோம்.